மொட்டைமாடியிலிருந்து ஒரு நெபுலா

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில், சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியாகிறது.)



உறியடிக்கும் கோலப் போட்டிப் பரிசளிப்புக்கும் நடுவில் செயலாளர் எனக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார். மணி அடிப்பதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

உள்ளே வரும்போது வாசலில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில் இளஞ்சிவப்பாக, இறக்கை விரித்த பறவை மாதிரி ஒரு புகைமூட்டம். “எந்த வெப்சைட்ல எடுத்தீங்க சார்?” என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வெப்சைட்டில் எடுக்கவில்லை. பி பிளாக் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எடுத்தேன்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். டிசம்பரில் நம் வாட்ஸ்ஆப் குழுவில், “ராத்திரி 10 மணிக்கு மேல பி பிளாக் மாடியில யாரோ கேமராவோட நிக்கறாங்க, செக்யூரிட்டி கவனிக்கவும்” என்று ஒரு செய்தி வந்ததே, அந்த ‘யாரோ’ நான்தான். கேமரா முழுக்க மேலே பார்த்துத்தான் இருந்தது. இருந்தாலும் முன்கூட்டியே குழுவில் சொல்லியிருக்க வேண்டும். பயந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் யாராவது இதைச் செய்ய நினைத்தால், கேமராவை எடுப்பதற்கு முன் முதல் வேலையாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

சரி, அந்தப் புகைமூட்டம் என்ன?

இந்த நாட்களில் இரவு 9 மணி வாக்கில் மாடிக்குப் போய், தெற்கே திரும்பி நன்றாக அண்ணாந்து பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் நெருக்கமாகத் தெரியும். சென்னை வெளிச்சத்திலும் தெரியும். அது ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை. மேலே இடது பக்கம் சற்றே சிவந்து தெரிவது நம் திருவாதிரை. கீழே வலது பக்கம் வெண்ணீலமாக மின்னுவது ரைகல். வேட்டைக்காரனின் தலைப் பக்கம் இருக்கும் மங்கலான நட்சத்திரங்கள்தான் மிருகசீரிடம். ஆக, ஜாதகத்தில் மிருகசீரிடம், திருவாதிரை என்று எழுதியிருப்பவர்கள் எல்லோரும் இந்தப் பக்கத்துக்காரர்கள்.

இடுப்புக் கச்சைக்குக் கீழே ஒரு வாள் தொங்குவது போல மங்கலாக இன்னொரு சின்ன வரிசை இருக்கும். அதன் நடுவில் உள்ள ‘நட்சத்திரம்’ கொஞ்சம் கலங்கினாற்போல் இருக்கும். அது ஒற்றை நட்சத்திரம் இல்லை. அதுதான் ஓரியன் நெபுலா. மெஸ்ஸியேயின் பட்டியலில் 42-வது எண். சாதாரண பைனாகுலரில் பார்த்தாலே ஒரு சாம்பல் மூட்டம் தெரியும்.

நெபுலா என்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயுவும் தூசியும் கலந்த பெரிய மேகம். இந்த மேகத்துக்குள் இப்போதும் புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. நடுவில் இருக்கும் சில இளம் நட்சத்திரங்கள் மிகவும் சூடானவை. அவற்றின் புற ஊதாக் கதிர் பட்டு வாயு தானே ஒளிர்கிறது. தூரம் சுமார் 1,350 ஒளியாண்டு. அதாவது என் கேமராவில் விழுந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது காஞ்சியில் பல்லவர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். அகலத்தில், நாம் பார்க்கும் முழுநிலாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பலர் நினைப்பதுபோல அது சின்னதாக இருப்பதால் தெரியாமல் இல்லை. மங்கலாக இருப்பதாலும், அதைச் சுற்றியுள்ள வானம் வெளுத்துக் கிடப்பதாலும்தான் தெரியவில்லை.

இதை முதலில் படம் பிடித்தவர் அமெரிக்காவின் ஹென்றி டிரேப்பர். 1880 செப்டம்பர் 30 அன்று, 51 நிமிடம் தட்டைத் திறந்துவைத்து எடுத்தார். நெபுலா ஒன்றின் முதல் புகைப்படமே அதுதான். மூன்று வருடம் கழித்து, 1883-ல், ஆண்ட்ரூ காமன் என்ற ஆங்கிலேயர் லண்டனை ஒட்டிய ஈலிங்கில் தன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கியை வைத்து இதே நெபுலாவை எடுத்தார். தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் அவர் தட்டில் பதிந்திருந்தன. அடுத்த வருடம் அரசு வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அவர் தொழில்முறை வானியலாளர் இல்லை, பொறியாளர். ஆகவே வீட்டுக் கொல்லையிலிருந்து நெபுலாவைப் படம் எடுப்பது இன்று நேற்று வந்த பைத்தியம் இல்லை.

நமக்கு ஒரு வசதியும் உண்டு. லண்டனில் இந்த நெபுலா உச்சிக்கு வரும்போதும் அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சென்னையில் 71 டிகிரிக்கு ஏறுகிறது. கிட்டத்தட்ட தலைக்கு மேல். தூசியும் புகையும் அடர்ந்த அடிவானக் காற்றை அது தாண்டி வந்துவிடுகிறது. நமக்கு இல்லாதது இருட்டு மட்டும்தான்.

அந்த இருட்டு இங்கேயே ஒரு காலத்தில் இருந்தது. நுங்கம்பாக்கத்தில், இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில், 1792-லிருந்து மதராஸ் வானாய்வகம் இயங்கியது. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். நுங்கம்பாக்கத்திலிருந்து! இன்று அப்படி ஒரு வேலைக்கு ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போக வேண்டும். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து அங்கேதான் இருக்கிறது.

இனி என் கதை. முதல் நாள் ராத்திரி என் பழைய 18 மெகாபிக்சல் கேமராவை டிரைபாட்டில் வைத்து, ஷட்டரை 30 நொடி திறந்துவைத்தேன். டிரேப்பர் 51 நிமிடம் திறந்துவைத்தாரே என்ற தைரியம். வந்த படத்தில் வானமே இல்லை. பால் கொட்டியது போல வெள்ளை. அதில் அங்கங்கே சிறிய கோடுகள். கோடுகள்தான் நட்சத்திரங்கள்.

இதில் இரண்டு தப்பு. ஒன்று, பூமி சுற்றுவதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் ஒரு முழுநிலாவின் அகலத்துக்கு நகர்ந்துவிடும். கேமரா அசையாமல் நின்றால் நட்சத்திரம் கோடாகத்தான் விழும். இரண்டு, நகரத்தின் வெளிச்சம். தெருவிளக்கு, விளம்பரப் பலகை, பழைய மகாபலிபுரம் சாலையின் அலுவலகக் கட்டடங்கள், எல்லாம் மேலே போய் ஈரத்திலும் தூசியிலும் பட்டுச் சிதறித் திரும்புகின்றன. 30 நொடியில் அந்த வெளுப்பு கேமராவை நிரப்பிவிடுகிறது.

நகர்ச்சியை ஈடுகட்ட, வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்பும் ஸ்டார் டிராக்கர் என்ற கருவி இருக்கிறது. அதைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரியாக வைக்க வேண்டும். சென்னையில் துருவ நட்சத்திரம் வெறும் 13 டிகிரி உயரத்தில் இருக்கிறது. நமக்கு அந்த இடத்தில் இருப்பது சி பிளாக். ஆகவே டிராக்கர் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்தேன்.

எனக்குக் கைகொடுத்தது வேறொரு வழி. நீளமாக ஒரு படம் எடுப்பதற்குப் பதில், மிகக் குறுகிய படங்கள் நூற்றுக்கணக்கில் எடுத்து, கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது. இதை ஸ்டேக்கிங் என்கிறார்கள்.

ஏன் இது வேலை செய்கிறது? ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேளம், பேச்சு, குழந்தைகளின் கூச்சல். மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் பாட்டி உங்களிடம் ஏதோ சொல்கிறார். ஒரு தடவை சொன்னால் விளங்காது. அதே வார்த்தையைப் பாட்டி அறுநூறு தடவை சொல்கிறார், நீங்கள் ஒவ்வொரு தடவையும் பதிவு செய்து எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கூச்சல் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கும், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். பாட்டியின் வார்த்தை ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். அது மட்டும் தேறி மேலே வரும்.

கணக்கும் எளிது. 100 படம் சேர்த்தால் தெளிவு 10 மடங்கு, 400 படம் சேர்த்தால் 20 மடங்கு. படங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம். நான் சேர்த்தது 600 படம். ஒவ்வொன்றும் 2 நொடி. மொத்தம் 20 நிமிட ஒளி. வாசலில் இருப்பது அதுதான்.

வீட்டில் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்காகச் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன்.

லென்ஸ் 85 மி.மீ. கல்யாண வீட்டில் முகம் எடுக்கப் பயன்படுத்துவது. இதை டி பிளாக்கில் இருக்கும் நம் புகைப்பட நண்பர் இரவல் கொடுத்தார். துளை எஃப்/2.8, ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் 2 நொடி. உங்களிடம் 50 மி.மீ. லென்ஸ்தான் இருக்கிறதென்றால் 3 அல்லது 4 நொடி வரை போகலாம். நெபுலா சின்னதாக விழும், அவ்வளவுதான்.

படங்களை ரா கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம். அது மங்கலான விவரங்களை ஆரம்பத்திலேயே தூக்கி எறிந்துவிடும்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். கேமராவின் திரையில் ரைகல் நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது எவ்வளவு சின்னப் புள்ளியாக வருமோ அவ்வளவு வரும்வரை வளையத்தைக் கையால் திருப்புங்கள். நான் கெடுத்த ராத்திரிகளில் பாதி இந்த ஒரு படியில் அவசரப்பட்டதால் கெட்டவை.

ஷட்டரைக் கையால் அழுத்தாதீர்கள், ஆடிவிடும். விடாமல் எடுத்துக்கொண்டே இருக்க ஒரு சின்ன ரிமோட் போதும். 10 நிமிடத்துக்கு ஒரு முறை நெபுலாவை மறுபடி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் அது ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போகும்.

எடுத்து முடித்ததும், அதே அமைப்பில் லென்ஸை மூடி வைத்து ஒரு 30 படம். கேமராவின் சொந்தக் கோளாறுகளைக் கழிக்க அது உதவும். பிறகு லென்ஸின் மேல் சலவை செய்த வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் கட்டி, காலை வானத்தைப் பார்த்து 30 படம். லென்ஸின் ஓரங்களில் விழும் இருட்டையும் தூசிப் புள்ளிகளையும் கழிக்க இது. என் மனைவி அந்த வேட்டியைத் தேடிக்கொண்டு மாடிக்கே வந்தது தனிக்கதை.

அடுக்குவதற்கு டீப் ஸ்கை ஸ்டேக்கர், சிரில் என்று இரண்டு மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் இலவசம். ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, அவையே சேர்த்துவிடும். 600 கோப்புகளுக்கு என் பழைய மடிக்கணினி ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டது.

நாள் பார்ப்பது முக்கியம். அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் சரி. மார்கழித் திருவாதிரை அன்று ஆருத்ரா தரிசனம், நல்ல நாள்தான். ஆனால் அன்று பௌர்ணமியை ஒட்டிய நிலா திருவாதிரைக்குப் பக்கத்திலேயே நிற்கும். அன்றைக்குக் களி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுங்கள். பனி இறங்கும் இரவில் லென்ஸ் வியர்த்துப் போகும். அட்டையைக் குழாய் போலச் சுருட்டி முன்னால் மாட்டினால் கொஞ்சம் தாங்கும். கொசுவுக்கு நான் வழி கண்டுபிடிக்கவில்லை.

நகர வெளிச்சத்தை வடிகட்ட வடிகட்டிக் கண்ணாடி கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. நெபுலாவின் வாயு எல்லா நிறத்திலும் ஒளிர்வதில்லை. ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் சிவப்பாகவும், ஆக்சிஜன் 501 நானோமீட்டரில் நீலப்பச்சையாகவும் ஒளிரும். அந்த இரண்டு நிறங்களை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கும் பில்டர்கள் கிடைக்கின்றன. விலை அதிகம் என்பதால் நான் இன்னும் வாங்கவில்லை. தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கு இருந்த காலத்தில் எளிய பில்டரே போதுமாக இருந்தது, ஏனென்றால் அந்த மஞ்சள் பெரும்பாலும் ஒரு குறுகிய நிறப் பட்டையில் அடங்கிவிடும். இப்போதைய வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது. அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது.

இங்கேதான் நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மாடிக் கைப்பிடிச் சுவரில் எட்டு ஃப்ளட் லைட் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன், நிறுத்தியிருந்த பைக்குகளில் பெட்ரோல் திருட்டுப் போனதும் போடப்பட்டவை. ஒவ்வொன்றும் 100 வாட். புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது, பழையவர்களுக்கு நினைவிருக்கும்: அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது நான். கொட்டேஷன் வாங்கியது நான். எந்த இடத்தில், எந்தச் சாய்வில் மாட்ட வேண்டும் என்று ஏணிக்குக் கீழே நின்று கை காட்டியதும் நான். “நல்லா தூக்கி வைங்கப்பா, தூரம் வரைக்கும் அடிக்கணும்” என்றேன். அவர்களும் தூக்கி வைத்தார்கள்.

நவம்பரில் மாடியில் நின்றபோதுதான் நான் செய்தது எனக்கே புரிந்தது. எட்டில் மூன்று விளக்கின் வெளிச்சம் நேரே என் லென்ஸில் விழுந்தது. போர்வையைக் கட்டி மறைத்துத்தான் எடுக்க முடிந்தது. பாதி வெளிச்சம் பார்க்கிங்கில் விழவில்லை. எதிர் பிளாக் சுவரிலும், ஜன்னலிலும், வானத்திலும் விழுந்துகொண்டிருந்தது.

அப்படி ஒரு ராத்திரி, மூன்றாவது மாடி அம்மா ஒருவர் படியேறி வந்தார். எழுபதைத் தாண்டியவர். செக்யூரிட்டி சொல்லித்தான் வந்திருக்கிறார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “தம்பி, இந்த லைட்டைப் போட்டது நீங்கதானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “என் ரூம்ல ரெண்டு வருஷமா ராத்திரியே வரல தம்பி” என்றார். ஜன்னலுக்குக் கறுப்புப் புடவையை மடித்துக் கட்டியிருக்கிறாராம். காற்று வராது, ஆனால் வெளிச்சம் அடங்கும். ஏன் புகார் செய்யவில்லை என்று கேட்டேன். “எல்லாருக்கும் பாதுகாப்புன்னு போட்டிருக்கீங்க. எனக்காக எப்படி அணைக்கச் சொல்றது?” என்றார்.

பிறகு கேமராத் திரையைக் காட்டினேன். அந்த மூன்று நட்சத்திரங்களைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் திருவாரூர்ப் பக்கம் கிராமத்தில், மார்கழியில் விடியற்காலை எழுந்ததும் அவருடைய அம்மா கடிகாரம் பார்க்க மாட்டாராம். வாசலில் நின்று, இந்த மூன்று நட்சத்திரங்கள் மேற்கே எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று பார்த்துத்தான் சாணம் தெளிக்க ஆரம்பிப்பாராம். அது சரியான கணக்குதான். மார்கழியில் விடியும் முன் ஓரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். “சென்னைக்கு வந்தப்புறம் நான் இதைத் தேடவே இல்ல” என்றார். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கழுத்து வலிக்கிறது என்று கீழே போய்விட்டார்.

நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் எட்டு விளக்கையும் அணைத்தால் சென்னை வானம் கறுத்துவிடாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊர் முழுக்க வெளிச்சம். ஆனால் டிசம்பரில் ஒரு நாள் நம் பக்கம் மின்வெட்டு வந்ததே, ஜெனரேட்டரில் லிப்டும் மோட்டாரும் மட்டும் ஓடின. அந்த முக்கால் மணி நேரம் நான் மாடியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று எடுத்த படங்களை வரிசையாக வைத்தால், விளக்குப் போனது எந்தப் படத்தில், வந்தது எந்தப் படத்தில் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். வாசலில் இருக்கும் படத்துக்கு வேண்டிய 600-ல் பெரும்பகுதி அந்த மின்வெட்டில் எடுத்தவைதான்.

பின்னணி வெளுப்பு பாதியானால், அதே தரமான படத்துக்கு வேண்டிய நேரமும் பாதியாகிறது. இது கேமராவின் கணக்கு. அந்த அம்மாவின் தூக்கத்துக்கு என்ன கணக்கு என்று எனக்குத் தெரியாது.

அதனால் விளக்குகளை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பெட்ரோல் திருடு போனதும் உண்மை, ராத்திரி வேலை முடிந்து வரும் பெண்கள் பார்க்கிங்கில் தைரியமாக நடக்க வேண்டும் என்பதும் உண்மை. நான் கேட்பது நான்கு சிறிய மாற்றங்கள். அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன்.

ஒன்று, சாய்வு. கண்ணாடி முகம் தரையைப் பார்க்கும்படி விளக்குகளைக் கீழே திருப்புவது. இதற்குச் செலவு ஒரு எலக்ட்ரீஷியனின் அரை நாள் கூலி. வெளிச்சம் குறையாது. வானத்துக்குப் போய்க்கொண்டிருந்ததும் பார்க்கிங்குக்கே வரும், கூடவே செய்யும். சி.சி.டி.வி.யும் சொல்லும்: இப்போது ஏழாவது கேமராவில் விளக்கின் கூச்சம்தான் தெரிகிறது, ஆள் முகம் தெரியவில்லை. கண் கூசும் விளக்குக்குப் பக்கத்தில்தான் நிழலும் கெட்டியாக இருக்கும். ஒளிந்துகொள்பவனுக்கு அதுதான் வசதி.

இரண்டு, மறைப்பு. பக்கவாட்டில் ஜன்னல்களுக்குள் போகாமல் ஒரு தகரத் தொப்பி.

மூன்று, நிறம். நாம் போட்டிருப்பது 6500 கெல்வின், நீலம் தூக்கலான வெள்ளை. அடுத்து விளக்கு பழுதாகி மாற்றும்போது 3000 கெல்வின் மஞ்சள் கலந்ததை வாங்கலாம். வானம் ஏன் நீலமாக இருக்கிறதோ அதே காரணத்தால் நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும். சுத்தமான காற்றிலேயே 450 நானோமீட்டர் நீலம், 600 நானோமீட்டர் ஆரஞ்சைவிட மூன்று மடங்குக்கு மேல் சிதறுகிறது. இருக்கும் விளக்கை இப்போதே தூக்கி எறியச் சொல்லவில்லை, பழுதாகும்போது மாற்றினால் போதும்.

நான்கு, நேரம். இரவு 11 மணிக்கு மேல் காலை 6 மணி வரை நான்கு விளக்கை ஆள் நடமாட்டம் கண்டால் மட்டும் எரியும்படி சென்சாரில் போடுவது. நான்கு 100 வாட் விளக்கு, ஏழு மணி நேரம்: ஒரு ராத்திரிக்கு 2.8 யூனிட். யாரும் நடமாடாத இரவுகளில் அது அப்படியே மிச்சம். மாதத்துக்கு 84 யூனிட் வரை. பொருளாளர் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. சென்சார் இருட்டைவிட நல்ல காவல்காரன்கூட. எப்போதும் எரியும் விளக்கை யாரும் கவனிப்பதில்லை. திடீரென்று எரியும் விளக்கைச் செக்யூரிட்டி நிமிர்ந்து பார்ப்பார்.

2022-ல் லடாக்கில் ஹான்லேயை இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே கிராமத்து மக்கள் ஜன்னலுக்குத் திரை போட்டு, விளக்குக்குத் தொப்பி மாட்டி வானத்தைக் காக்கிறார்கள். நாம் ஹான்லே ஆக முடியாது. மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னலிலிருந்து கறுப்புப் புடவையை அவிழ்க்க முடியும். விளக்கைத் தூக்கி வைக்கச் சொன்னவன் என்ற முறையில், இறக்கி வைக்கச் சொல்லும் பொறுப்பும் எனக்குத்தான் இருக்கிறது.

வரும் தை அமாவாசை அன்றும், மேகம் கெடுத்தால் மாசி அமாவாசை அன்றும், இரவு 8 மணியிலிருந்து 10 மணி வரை மாடி விளக்குகளை மட்டும் அணைத்துவைக்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பார்க்கிங் விளக்குகள் எரியும், பயம் வேண்டாம். பி பிளாக் மாடிக்கு வாருங்கள். இரண்டு பைனாகுலர் இருக்கிறது. கேமராத் திரையில் ஒரு படம், பத்துப் படம், நூறு படம் சேரச் சேர நெபுலா எப்படித் தேறி வருகிறது என்று காட்டுகிறேன். செல்போன் டார்ச்சை அடிக்காதீர்கள், கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும். குழந்தைகளை அழைத்து வாருங்கள். கைப்பிடிச் சுவர்ப் பக்கம் விடாதீர்கள். மூன்றாவது மாடி அம்மாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், கழுத்து வலிக்காமல் பார்க்க. அதில் வேறு யாரும் உட்கார வேண்டாம்.

மணி அடித்துவிட்டது. கோலப் பரிசுக்குக் காத்திருப்பவர்களைச் சோதிக்க விரும்பவில்லை.

மாடிச் சாவி செக்யூரிட்டி அண்ணனிடம் இருக்கும்.